கணவர் பெயரில் வந்த பிஎம் கிசான் பணம் என் பெயருக்கு வர ஆன இரண்டரை வருடம்

என் வீட்டுக்காரர் 2022 நவம்பரில் தவறிப்போனார். நெஞ்சு வலிக்கிறது என்று ராத்திரி எழுப்பினார், விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எங்களுக்குச் சேலம் மாவட்டத்தின் கிழக்குப் பக்கம், கல்வராயன் மலை அடிவாரத்தில் ஊர். மானாவாரியில் மக்காச்சோளம், கிணற்றுத் தண்ணீர் எட்டுகிற இடத்தில் மரவள்ளி. அவர் பங்கு 1 ஏக்கர் 30 சென்ட், அவருடைய அண்ணனோடு கூட்டுப் பட்டாவில் இருந்தது. விவசாயிகளுக்கு மத்திய அரசு கொடுக்கிற உதவித்தொகைதான் பிஎம் கிசான். 2019இல் அந்தத் திட்டம் தொடங்கியதிலிருந்து நான்கு மாதத்துக்கு ஒருமுறை 2,000 ரூபாய், வருடத்துக்கு 6,000 ரூபாய் அவர் கணக்கில் வந்துகொண்டிருந்தது. எங்களுக்கு அது உரம் வாங்குகிற பணம். ஒரு தவணை வந்தால் அடுத்த வாரமே கடையில் யூரியாவுக்கும் டிஏபிக்கும் போய்விடும். பெரிய தொகை இல்லை. ஆனால் யாரிடமும் கைநீட்டாமல் வருகிற பணம்.

அந்தப் பணம் என் பெயருக்கு மாறி, என் கணக்கில் விழ 2025 ஆகஸ்ட் ஆனது. நடுவில் நான்கு தவணை, 8,000 ரூபாய், திரும்பவே வராத மாதிரிப் போனது. எந்த அலுவலகத்திலும் யாரும் என்னை வேண்டுமென்று ஏமாற்றவில்லை. முதல் நாளே யாராவது உட்காரவைத்து விவரமாகச் சொல்லியிருந்தால் இதில் முக்கால்வாசி நடந்திருக்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

அவர் இறந்து மூன்று மாதம் கழித்து, 2023 பிப்ரவரி கடைசியில் அவர் கணக்கில் 13ஆவது தவணை 2,000 ரூபாய் விழுந்தது. ஏடிஎம் அட்டை என்னிடம் இருந்தது. பெரியவனுக்குப் பள்ளிக்கூடத்தில் கட்ட வேண்டியிருந்தது, எடுத்துவிட்டேன். அவர் உழைத்த நிலம், அவருக்கு வந்த பணம், அதில் தப்பு என்ன என்றுதான் நினைத்தேன். அடுத்த தவணை ஜூலையில் ஊரில் எல்லோருக்கும் வந்தது, எங்களுக்கு வரவில்லை. வட்டார வேளாண்மை அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். அங்கிருந்த உதவி வேளாண்மை அலுவலர் கணினியில் பார்த்துவிட்டு, "அவர் இறந்துட்டார்னு பதிவாயிடுச்சும்மா. இது அவருக்கு மட்டும் உள்ள பணம். நிலம் உங்க பேருக்கு மாறினா நீங்க புதுசா விண்ணப்பிக்கலாம். பிப்ரவரியில எடுத்ததைத் திருப்பிக் கட்டணும்" என்றார். எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. இறந்தவர் பணத்தைத் திருடியவள் மாதிரி ஆகிவிட்டதே என்று பஸ்ஸில் வரும்போது அழுதேன்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். வீட்டில் பயனாளி இறந்துவிட்டால், இறப்புச் சான்றிதழ் வந்த உடனே வேளாண்மை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் இறப்பைப் பதிவு செய்ததாலேயே வேளாண்மைத் துறைக்குத் தானாகத் தெரிந்துவிடும் என்று நான் இருந்தேன். அது வேறு பதிவு, இது வேறு பதிவு. அதற்குப் பிறகு வருகிற தவணையைத் தொடாதீர்கள். எடுத்துவிட்டிருந்தால் பயப்படவும் வேண்டாம், திட்டத்தின் இணையதளத்திலேயே திருப்பிக் கட்ட வழி இருக்கிறது. யார் கையிலும் ரொக்கமாகக் கொடுக்காமல் அதன் வழியே கட்டி, ரசீதை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் கட்டிய ரசீது பின்னால் இரண்டு முறை உதவியது.

நிலத்தை என் பெயருக்கு மாற்ற முதலில் வாரிசுச் சான்றிதழ் வேண்டும். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தேன். நானும் இரண்டு பையன்களும் மட்டும்தான் வாரிசு என்று நினைத்திருந்தேன். மாமியாரும் வாரிசுதான். மகன் இறந்தால் தாய்க்கும் பங்கு உண்டு. அவருடைய ஆதாரைக் கேட்டார்கள். ரேஷன் அட்டையில் ஒரு பெயரும் ஆதாரில் அழைக்கும் பெயரும் இருந்தன. அதைச் சரிசெய்யவே ஒரு மாதம். 70 வயதுக்காரரை இரண்டு முறை ஷேர் ஆட்டோவில் உட்காரவைத்துக் கூட்டிப்போனேன். என் மகன் பேரை எழுதி வாங்க நான் அலைய வேண்டியிருக்கே என்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. 2023 செப்டம்பரில் கொடுத்தது, நவம்பரில் கைக்கு வந்தது. விண்ணப்பிக்கும் முன்பே வீட்டிலுள்ள எல்லோருடைய ஆதார், ரேஷன் அட்டை, இறப்புச் சான்றிதழ் ஆகியவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒத்துப்பாருங்கள். இனிஷியல் மாறியிருந்தால்கூட அதை முதலில் திருத்திவிட்டுப் போங்கள். பாதியில் போய்த் திருத்தினால் வரிசையின் கடைசிக்கு வந்துவிடுவோம்.

அடுத்தது பட்டா. இதில்தான் நான் பெரிய தப்பைச் செய்தேன். தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதித் தருகிறவர் ஒருவர், "கூட்டுப் பட்டான்னா பிஎம் கிசான் வராது. தனிப் பட்டா வாங்கணும். உட்பிரிவு பண்ணி நானே முடிச்சுத் தர்றேன்" என்றார். யாரிடமும் சரிபார்க்காமல் நம்பிவிட்டேன். உட்பிரிவு என்றால் நம் பங்கை அளந்து தனியாகப் பிரிப்பது. அதற்கு அப்போது அரசுக் கட்டணம் 400 ரூபாய்தான். அவர் பல கட்டமாக என்னிடம் வாங்கியது 4,500. மாட்டை வைத்து வாங்கிய சங்கக் கடனில் மிச்சமிருந்த பணம் அது. 2023 டிசம்பரில் விண்ணப்பம் போனது. சர்வேயர் இரண்டு முறை தேதி சொல்லி வரவில்லை. மூன்றாவது முறை வந்தபோது மூத்தார், கிணற்றையும் வரப்பையும் எப்படிப் பிரிப்பது என்று ஒத்துக்கொள்ளவில்லை. அவர் கெட்டவர் இல்லை. தம்பி போன பிறகு எங்களுக்கு உழவு ஓட்டித் தந்தவர் அவர்தான். ஆனால் நிலத்தை அளக்க ஆள் வந்ததும் அவருக்கும் மனசு கசந்துவிட்டது. "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?" என்றார். கேட்டிருக்க வேண்டும். நான் முதலிலேயே அவர் வீட்டுக்குப் போய், "மாமா, இந்த உதவித்தொகைக்காகத்தான் பேர் மாத்தறேன், கிணத்துல கை வைக்கல" என்று சொல்லியிருந்தால் அந்த நான்கு மாதப் பேச்சுவார்த்தை இல்லாத மனத்தாங்கல் வந்திருக்காது. மார்ச்சில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. 4,500 ரூபாய் திரும்ப வரவில்லை.

உண்மை என்னவென்றால், பிஎம் கிசானுக்குத் தனிப் பட்டா தேவையே இல்லை. கூட்டுப் பட்டாவில் உங்கள் பெயரும் இருந்தால் போதும். ஒரே நிலத்தில் பல குடும்பங்களின் பெயர் இருந்தாலும், தகுதியுள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியாக 6,000 ரூபாய் உண்டு. குடும்பம் என்றால் கணவன், மனைவி, 18 வயது நிரம்பாத பிள்ளைகள், அவ்வளவுதான். இறந்தவர் பெயரை எடுத்துவிட்டு வாரிசுகள் பெயரைச் சேர்ப்பது உட்பிரிவு இல்லாத பட்டா மாறுதல். அதற்கு அளவை வேண்டாம், சர்வேயர் வேண்டாம், அண்ணன் தம்பி பாகப்பிரிவினை வேண்டாம். வாரிசுச் சான்றிதழும் இறப்புச் சான்றிதழும் இருந்தால் கிராம நிர்வாக அலுவலர் அறிக்கை கொடுத்து, தாலுகா அலுவலகத்தில் முடிகிற வேலை. இதை எனக்கு முதன்முதலில் சொன்னது 2024 ஜூன் மாதம் ஜமாபந்தியில், அதாவது தாலுகாவில் வருடாவருடம் நிலக் கணக்குப் பார்த்து மனு வாங்குகிற இடத்தில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர். மனுவை அங்கேயே அடித்துத் திருத்தி, 'வாரிசு அடிப்படையில் கூட்டுப் பட்டாவில் பெயர் சேர்க்க' என்று எழுதவைத்தார். அவர் யார் என்று பெயர்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். ஜூலை 22ஆம் தேதி பட்டாவில் என் பெயர், மாமியார் பெயர், பையன்கள் பெயர் ஏறியது. ஏழு மாதம் இழுத்த வேலை ஐந்து வாரத்தில் முடிந்தது.

இன்னொரு விதியும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 2019 பிப்ரவரி 1ஆம் தேதிக்குள் யார் பெயரில் நிலம் இருந்ததோ அவர்களுக்குத்தான் இந்தத் திட்டம். அதற்குப் பிறகு விலைக்கு வாங்கியவர்கள், தானமாகப் பெற்றவர்கள் புதிதாகச் சேர முடியாது என்று தள்ளிவிடுவார்கள். ஆனால் உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு அந்தத் தடை இல்லை. பதிவு செய்யும்போது நிலம் எப்படி மாறியது என்ற கேள்வி வரும், இறப்பின் காரணமாக என்பதைச் சரியாகத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். மையத்தில் இருக்கிற பையன் அவசரத்தில் வேறு எதையாவது தட்டிவிட்டால், நிராகரித்துவிடுவார்கள், நமக்குக் காரணமும் புரியாது. திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பச் சொல்ல வேண்டும். கேட்க எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. கேளுங்கள்.

பட்டா கைக்கு வந்த அன்றே நான் பதிவு செய்திருக்க வேண்டும். அந்த வாரம் நல்ல மழை. மக்காச்சோளம் ஊன்றுகிற அவசரம், ஆள் கிடைத்த நாளை விடமுடியவில்லை. ஆடிப் பதினெட்டும் கழியட்டும் என்று ஆகஸ்ட் 6ஆம் தேதி போனேன். அந்த ஒரு வாரத்தில் 2,000 ரூபாய் போயிற்று. எப்படி என்றால், வருடத்தை ஏப்ரல் முதல் ஜூலை, ஆகஸ்ட் முதல் நவம்பர், டிசம்பர் முதல் மார்ச் என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். எந்த நான்கு மாதத்தில் நம் பெயர் பதிவாகிறதோ அந்தக் காலத்திலிருந்துதான் பணம், முந்தைய காலத்துக்குக் கிடையாது. ஜூலை 31க்குள் போயிருந்தால் 17ஆவது தவணைக்கு உரிமை கேட்டிருக்கலாம். அதனால் ஜூலை, நவம்பர், மார்ச் கடைசி வாரங்களில் எந்த வேலை இருந்தாலும் இதை முதலில் முடியுங்கள். பதிவான பிறகு சரிபார்ப்பில் தாமதமானால் அது வேறு. அப்படி நின்ற தவணையைப் பின்னால் கேட்டு வாங்க உரிமை உண்டு.

பதிவோடு முடியவில்லை. இ-கேஒய்சி, அதாவது ஆதாரை வைத்து நான்தான் அந்த ஆள் என்று உறுதிசெய்வது, செய்ய வேண்டும் என்றார்கள். என் ஆதாரில் இருந்த கைபேசி எண் வீட்டுக்காரருடையது. அவர் போன பிறகு ரீசார்ஜ் செய்யாமல் விட்டு, அந்த எண் வேறு யாருக்கோ போய்விட்டது. ஓடிபி எல்லாம் முகம் தெரியாத யாருக்கோ போயிருக்கிறது. அவர் எண்ணை விட்டுவிட்டேனே என்று அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட வருத்தத்துக்கும் இந்தப் பணத்துக்கும் சம்பந்தமில்லை. அவர் குரல் வந்த எண் அது. வீட்டில் யாராவது இறந்தால் அவர்கள் எண்ணைக் குறைந்தது ஒரு வருடமாவது உயிரோடு வைத்திருங்கள், ஆதார், வங்கி, காஸ் எல்லாம் மாற்றிய பிறகு விடுங்கள். ஆதார் மையத்தில் 50 ரூபாய் கட்டி என் எண்ணைச் சேர்த்தேன். அதற்குள் கைரேகை வைத்துப் பார்க்கலாம் என்று பொதுச் சேவை மையம் போனால், பத்து விரலும் எடுக்கவில்லை. மரவள்ளி பிடுங்குகிற கை, ரேகை எங்கே இருக்கும். கடைசியில் பிஎம் கிசான் செயலியில் முகத்தைக் காட்டிச் செய்கிற வழி இருக்கிறது என்று சின்னவன் கண்டுபிடித்தான். வாசலில் வெளிச்சத்தில் நின்று ஒரு நிமிடத்தில் முடிந்தது. விரல் தேய்ந்த வயசானவர்களுக்கு நேராக அதைச் செய்துவிடுங்கள். ஆனால் செயலியைக் கைபேசியின் ப்ளே ஸ்டோரிலிருந்து மட்டும் இறக்குங்கள். பிஎம் கிசான் என்று பெயர் போட்டு வாட்ஸ்அப்பில் வருகிற கோப்பைத் தொட்டு வங்கிக் கணக்கைப் பறிகொடுத்தவர்கள் இருக்கிறார்கள். திட்டத்தின் பெயரில் யாரும் வாட்ஸ்அப்பில் செயலி அனுப்ப மாட்டார்கள்.

2024 அக்டோபர் 5ஆம் தேதி 18ஆவது தவணை வந்தபோது என் விண்ணப்பம் மாவட்ட அளவில் ஒப்புதலுக்கு நின்றது. ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டதற்கு அலுவலர் 2020இல் நடந்ததைச் சொன்னார். கொரோனா நேரத்தில் இணையத்தில் யார் வேண்டுமானாலும் பதியலாம் என்று இருந்தபோது, தரகர்கள் நிலமே இல்லாத ஆட்களைச் சேர்த்து, தமிழ்நாட்டில் மட்டும் 110 கோடி ரூபாய் அளவுக்கு முறைகேடு நடந்தது. எங்களுக்குப் பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சியில்தான் பெரிய அளவில் வெளிவந்தது. சிபிசிஐடி விசாரித்தது, அதிகாரிகள் ஊர் ஊராகப் போய்ப் பணத்தைத் திரும்ப வாங்கினார்கள். அதிலிருந்துதான் ஒவ்வொரு பெயரையும் இரண்டு மூன்று இடத்தில் பார்க்கிறார்களாம். கேட்டபோது அந்த அலுவலர் மேல் இருந்த கோபம் அந்தத் தரகர்கள் மேல் திரும்பியது. அவர்கள் தின்றுவிட்டுப் போனதற்கு நான் வரிசையில் நிற்கிறேன்.

டிசம்பரில் ஒப்புதல் ஆனது. 2025 பிப்ரவரி 24, 19ஆவது தவணை. இணையதளத்தில் பணம் செலுத்தப்பட்டது என்று காட்டியது. என் வங்கிக் கணக்கில் ஒரு ரூபாய் இல்லை. வங்கியில் "எங்களுக்கு வரவில்லை, வேளாண்மை ஆபீஸில் கேளுங்க" என்றார்கள். வேளாண்மை ஆபீஸில் "நாங்க அனுப்பியாச்சு, வங்கியில கேளுங்க" என்றார்கள். இப்படி இரண்டரை மாதம். இரண்டு பேருமே சொன்னது உண்மை. நான் விண்ணப்பத்தில் எந்தக் கணக்கு எண்ணை எழுதினேன் என்பது முக்கியமே இல்லை. பணம் ஆதாரை வைத்துப் போகிறது. என் ஆதாருடன் கடைசியாக எந்த வங்கி இணைக்கப்பட்டதோ அங்கே போய் விழும். இரண்டு வருடம் முன்பு ஊரில் முகாம் போட்டு, கைரேகை வாங்கிக்கொண்டு எல்லோருக்கும் ஒரு கணக்குத் திறந்து கொடுத்தார்கள். அட்டை மாதிரி ஒன்று கொடுத்தார்கள், பீரோவில் போட்டு மறந்தே போனேன். பணம் அதில் இருந்தது. 2,000 ரூபாய் அப்படியே இருந்தது.

இதைத் தெரிந்துகொள்ள யாரிடமும் போக வேண்டாம். ஆதாரின் இணையதளத்தில் உங்கள் எண்ணையும் ஓடிபியையும் போட்டு நுழைந்தால், வங்கி இணைப்பு நிலை என்ற பகுதியில் எந்த வங்கி என்று பெயரோடு காட்டும். வேறு வங்கிக்கு மாற்ற வேண்டுமென்றால், எந்த வங்கியில் பணம் வர வேண்டுமோ அங்கே போய், கணக்கில் ஆதாரைச் சேர்த்தால் மட்டும் போதாது, அரசு மானியம் இங்கே வரும்படி இணைக்க வேண்டும் என்று சொல்லிப் படிவம் கொடுக்க வேண்டும். ஆதார் கணக்கில் சேர்ந்திருப்பது வேறு, மானியத்துக்காக இணைந்திருப்பது வேறு. கவுண்டரில் இருப்பவர்களே சில நேரம் இரண்டையும் ஒன்றாக நினைத்து, "சேர்ந்துதாம்மா இருக்கு" என்று அனுப்பிவிடுகிறார்கள். என்னையும் இரண்டு முறை அப்படி அனுப்பினார்கள்.

பிஎம் கிசான் தளத்தில் உங்கள் பதிவு எண்ணைப் போட்டால் மூன்று வரி இருக்கும். நில விவரம் இணைந்ததா, இ-கேஒய்சி முடிந்ததா, ஆதார் வங்கியோடு இணைந்ததா. மூன்றுக்கும் ஆம் என்று இருக்க வேண்டும். முதலாவது இல்லை என்றால் பட்டாவை எடுத்துக்கொண்டு வேளாண்மை அலுவலகம், இரண்டாவது என்றால் செயலி அல்லது சேவை மையம், மூன்றாவது என்றால் வங்கி. இந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு போன பிறகுதான் என்னிடம் பேசுகிற விதமே மாறியது. அதற்கு முன்பு "பணம் வரலைங்க" என்று போய் நின்றேன், அவர்களும் என்ன சொல்வார்கள். 155261 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. இணைப்புக் கிடைக்கும்வரை பொறுமை வேண்டும், ஆனால் எங்கே நிற்கிறது என்பதை ஒருமுறை அங்கேதான் தெளிவாகச் சொன்னார்கள். அப்புறம், 2025 தொடக்கத்தில் விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் கொடுக்க ஊரில் முகாம் நடத்தினார்கள். அதை வாங்காதவர்கள் உடனே வாங்கிவிடுங்கள். எனக்கு அப்போது பட்டாவும் கைபேசி எண்ணும் சரியாக இருந்ததால் பத்து நிமிடத்தில் முடிந்தது.

கணக்குப் பார்த்தேன். வேலையை விட்டு அலைந்தது 26 நாள். கூலி நாளுக்கு 350 என்றாலும் 9,100 ரூபாய். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லாததால் தாலுகாவுக்குச் செலவில்லை. சேலம் கலெக்டர் ஆபீஸுக்கு நான்கு முறை போனதும், மாமியாரைக் கூட்டிப்போனதும், ஜெராக்ஸ், மனு எழுதியது எல்லாம் சேர்த்து 2,200. தரகரிடம் போனது 4,500. வராமலே போன தவணைகள் 8,000. மொத்தம் 23,800. அது கிட்டத்தட்ட நான்கு வருடத் தவணைக்குச் சமம்.

2025 ஆகஸ்ட் 2ஆம் தேதி 20ஆவது தவணை சரியான கணக்கில் விழுந்தது. நவம்பர் 19 கோயம்புத்தூரில் விழா வைத்து 21ஆவது தவணையை விடுவித்தார்கள், அதுவும் வந்தது. 18ஆவது தவணைக்கு மாவட்ட விவசாயிகள் குறைதீர் நாளில் மனு கொடுத்திருக்கிறேன், மனு எண் நோட்டில் இருக்கிறது. மூத்தார் இப்போது பேசுகிறார். போன வாரம் அவராகவே வந்து மரவள்ளிக்கு ஏர் ஓட்டிக் கொடுத்தார்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு பெண்ணின் கணவர் ஐப்பசியில் இறந்துவிட்டார். இரண்டும் பெண் குழந்தைகள், நிலம் மாமனார் பெயரில் இருக்கிறது, மாமனாரும் இல்லை. கருமாதி முடிந்த மறுநாள் அவள் வீட்டுக்குப் போய் முதலில் அவர் கைபேசிக்கு ரீசார்ஜ் செய்யவைத்தேன். வரும் திங்கட்கிழமை வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையம் போகிறோம். மாமனாருக்கு ஒன்று, கணவருக்கு ஒன்று என்று இரண்டு சான்றிதழ் வேண்டும். என் நோட்டையும் எடுத்துக்கொண்டு போகிறேன்.